பெருவிரல் மேலையோ, கீழையோ

யூலை 1, செவ்வாய்

கச்சான் வெக்கைக் காத்து நாலாவது நாள். காலமை எட்டு மணிக்கே நெருப்பு. கொடியிலை போட்ட துவாய் பத்து நிமிசத்திலை காய்ஞ்சு அட்டை மாதிரி.

ரெண்டு கொப்பி வாங்கினனான். சிவப்பு நஸ்ரின் மிஸ்ஸுக்கு. ஆஸ்பத்திரியிலை எனக்குப் பிசியோ செய்யிற பிள்ளை, கிண்ணியா ஆள். எத்தனை மணிக்கு எங்கை விறைப்பு, எங்கை எரிவு எண்டு நாளாந்தம் எழுதிக்கொண்டு வரச் சொன்னவ. நீலம் எனக்கு. ஒருத்தருக்கும் காட்டிறதுக்கு இல்லை.

சிவப்பிலை இண்டைக்கு:
— இடது கால், முழங்காலுக்குக் கீழை பஞ்சு.
— வலது கால், பாதம் மட்டும்.
— இடது கை, சின்ன விரலும் மோதிர விரலும். கையுறை போட்ட மாதிரி.
— வெயில் ஏறினால் எல்லாம் ரெண்டு மடங்கு. கண்ணும் மங்கல்.

சிவப்பிலை எழுதாதது: வேலைக்கு வெளிக்கிடேக்கை இடது செருப்பு படலையடியிலை நிண்டிட்டுது. நான் றோட்டுக்கு வந்திட்டன். கழண்டது தெரியாது. த. பின்னாலை எடுத்துக்கொண்டு வந்து குனிஞ்சு மாட்டிவிட்டார். முன்வீட்டு ஆக்கள் பார்த்துக்கொண்டு நிண்டவை. எனக்கு வெக்கம். அவருக்கு ஒண்டுமில்லை. இஞ்சின் கழட்டிப் பூட்டிற எனக்குச் செருப்பு ஒரு வேலையோ எண்டு கேட்டார்.

(த. எண்டால் தவராசா. என்ரை மனுசன். உள்துறைமுகப் பக்கம் ஒரு கொட்டிலிலை வள்ள இஞ்சின் திருத்திறவர். ஒவ்வொருதரமும் முழுப்பேர் எழுதப் பஞ்சி.)

எம்.எஸ். எண்டு பேர் வைச்சு நாலு வருசம். மூளையிலையும் முள்ளந்தண்டிலையும் நரம்பைச் சுத்தி இருக்கிற உறை அரிபடுகிற வருத்தம் எண்டு பெரிய டொக்டர் விளங்கப்படுத்தினவர். த. வெளியிலை வந்து, "அப்ப றப்பர் போன வயர்" எண்டார். பிறகு என்ரை முகத்தைப் பார்த்திட்டு, "செம்பு நல்ல செம்பு" எண்டார். அண்டைக்கு நான் சிரிச்சது அதுக்கு மட்டுந்தான்.

பின்னேரம் விரல் சோதினை. நான் கண்ணை மூடிக்கொண்டு படுக்கவேணும். அவர் கால் பெருவிரலை ரெண்டு பக்கத்தாலையும் மெல்லப் பிடிச்சு மேலையோ கீழையோ அசைப்பார். எந்தப் பக்கம் எண்டு நான் சொல்லவேணும். பத்துத்தரம். நஸ்ரின் மிஸ் காட்டிக்குடுத்தது. அவர் அலுமாரிக் கதவிலை தாள் ஒட்டி, கோடு கீறி, சரி பிழை போட்டு வைச்சிருக்கிறார். கை கழுவாமல் விரலைத் தொடமாட்டார். சவர்க்காரத் தூள், தேசிக்காய்ப் பாதி, பிறகும் கொஞ்சம் ஒயில் மணம்.

இண்டைக்கு இடது கால் எட்டு.


யூலை 2, புதன்

காத்து. வாயெல்லாம் மண்.

அன்புவழிபுரத்திலை ஆறு வீடு. மருத்துவிச்சி வேலையிலை எனக்கு அந்தப் பக்கம் பதினேழு வருசம். முதல் நான் தராசிலை நிறுத்த பிள்ளையள் இப்ப மோட்டார்சைக்கிள் ஓடுதுகள். றோட்டிலை கண்டால், "மிஸ், நான்தான்" எண்டு நிப்பாட்டுவினம். எவன் எண்டு தெரியாது. தெரியும் எண்டு தலையாட்டிறது.

சுதர்சினி, ஏழு மாதம், தலைப்பிள்ளை. படுக்க வைச்சு வயிறு பார்த்தன். தலை இன்னும் மேலை. வலது கையாலை தெளிவாத் தெரிஞ்சுது, தேங்காய் மாதிரி உருண்டு நிக்குது. இடது கையாலையும் தொட்டுப் பார்த்தன். மூண்டு விரல் சொல்லுது, ரெண்டு விரல் சும்மா கிடக்குது. பயப்பிட வேண்டாம், இன்னும் நாள் கிடக்கு, தானாத் திரும்பும் எண்டு சொன்னன். அவ பயப்பிடேல்லை. மிஸ் சொன்னால் சரி எண்டா.

ஸ்கூட்டி நிப்பாட்டேக்கை குனிஞ்சு நிலத்தைப் பார்த்துத்தான் கால் ஊண்டிறது. பார்க்காமல் ஊண்டினால் கால் எங்கை போகும் எண்டு சொல்லேலாது. மற்ற ஆக்கள் நான் ஏதோ விழுந்ததைத் தேடிறன் எண்டு நினைக்கினம்.

எனக்கு நானே போட்ட சட்டம் ஒண்டு: விரல் சோதினை ஏழுக்குக் கீழை போனால் ஸ்கூட்டியும் இல்லை, குழந்தையைத் தனியாத் தூக்கிறதும் இல்லை. அது ரெண்டும் இல்லாட்டி இந்த வேலையும் இல்லை. த.வுக்கும் தெரியும். நான்தான் சொன்னனான்.

இடது எட்டு, வலது ஒன்பது. சந்தோசத்திலை முட்டை பொரிச்சன்.


யூலை 4, வெள்ளி

மச்சாள் வந்து நிக்கிறா, சாம்பல்தீவுப் பக்கமிருந்து. த.வின்ரை அக்கா. ஒரு பை நண்டு, ஒரு போத்தல் நல்லெண்ணெய், கோயில் திருநீறு. வந்து கதிரையிலை இருக்க முதலே என்ரை காலை இழுத்து மடியிலை வைச்சு எண்ணெய் தேய்க்கத் தொடங்கிட்டா. தேய்க்கிறது கொஞ்சந்தான் தெரியுது எண்டு சொல்ல மனம் வரேல்லை. நல்லாயிருக்கு மச்சாள் எண்டன். மனுசி குளிர்ந்து போனா.

மத்தியானம் உடுப்பு எடுக்க வெறுங்காலோடை வெளியிலை போனனான். சீமெந்து முத்தம். மச்சாளோடை கதைச்சுக்கொண்டு அதிலையே நிண்டிட்டன். பின்னேரம் சோதினைக்குக் காலைத் தூக்கின த. அப்பிடியே நிண்டார். இடது பாதத்திலை ரெண்டு கொப்புளம். ஒண்டு ஒரு ரூபாய்க் குத்தியளவு. எனக்கு ஒண்டும் தெரியாது.

குளிர்தண்ணி, பிறகு மருந்து. ஊதி ஊதிப் போட்டார். ஊதிறதும் தெரியேல்லை, அவரின்ரை கன்னம் உப்பிறதைப் பார்த்துத்தான் ஊதிறார் எண்டு தெரியும்.

அதுக்குப் பிறகும் சோதினை செய்தவர். இடது எட்டு. சுடுறது தெரியாத காலுக்கு எட்டு எப்பிடி எண்டு ஒருக்கா யோசிச்சன். தோலின்ரை உணர்ச்சி வேறை, உடம்பு எங்கை இருக்குதெண்ட உணர்ச்சி வேறை எண்டு நஸ்ரின் மிஸ் முந்திச் சொன்னது ஞாபகம் வந்துது. ஒண்டு போய் மற்றது நிக்கலாமாம். அப்ப எனக்கு அது நிக்குது. நல்லது.

நண்டுக்குழம்பு. மச்சாள் முருங்கையிலை போட்டவ. ரெண்டுதரம் சாப்பிட்டன்.


யூலை 7, திங்கள்

எழுதவேணும்.

பதினொரு மணி. பிறந்து ஆறு நாள் பிள்ளை, பெட்டை, தாய் கஜனி. நிறுத்துப் போட்டு இடது கையிலை வைச்சுக்கொண்டு, வலது கையாலை கார்ட்டிலை எழுதினன். கஜனி பால் குடுக்கிறதைப்பற்றி ஏதோ கேட்டவ. நிமிர்ந்து அவவைப் பார்த்துப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறன். என்ரை கணக்கிலை கை நெஞ்சோடைதான் இருக்குது. மடங்கி, இறுக்கமா, நல்லா.

கஜனி மெல்ல, "மிஸ், கை" எண்டா.

குனிஞ்சு பார்த்தால் முழங்கை விரிஞ்சு, கை இடுப்புக்குக் கீழை போட்டுது. பிள்ளையின்ரை தலை என்ரை மணிக்கட்டிலை, மற்ற உடம்பு சரியுது. கஜனி எட்டி வாங்கிட்டா. பிள்ளை எழும்பவும் இல்லை. உதடு மட்டும் ஒருக்காச் சூப்பிச்சுது.

கஜனி சிரிச்சுப்போட்டு, வெயிலுக்கு மிஸ்ஸுக்குக் களைப்பு எண்டு சொல்லித் தோடம்பழச்சாறு கரைச்சுத் தந்தா. குடிச்சனான். ஸ்கூட்டியை அங்கையே விட்டிட்டு ஓட்டோவிலை வந்தன்.

த.வுக்குச் சொல்லேல்லை. ஸ்கூட்டி ஸ்ராட் எடுக்கேல்லை எண்டு சொன்னன். போய் எடுத்துக்கொண்டு வந்து, இதுக்கு ஒண்டுமில்லையே எண்டார்.

சோதினை: எட்டு.

எட்டு எண்டால் நல்ல எண். அப்ப இது வெயில்தான். ஒரு நாள் விசயம். களைப்பு. இப்பிடி நாலுதரம் எழுதினால் நம்புவனோ?


யூலை 8, செவ்வாய்

லீவு போட்டு நஸ்ரின் மிஸ்ஸிட்டைப் போனன். கிளினிக் நாள் இல்லை, எண்டாலும் எடுத்தவ.

கண்ணை மூடச் சொல்லி இடது பெருவிரல். பத்திலை நாலு. திரும்ப. பத்திலை அஞ்சு. கை விரல்: ஆறு. பிறகு எழும்பிப் பாதம் ரெண்டையும் சேர்த்து நிண்டு கண்ணை மூடச் சொன்னா. மூடினதுதான் தெரியும். அவவின்ரை தோளிலை கிடக்கிறன்.

வீட்டிலை எட்டு வருது எண்டன். அவ திரும்ப என்ரை பெருவிரலைப் பிடிச்சா. பிறகு, வீட்டிலை விரலை மேலையும் கீழையும் அமத்திப் பிடிக்கினமோ தெரியாது, அமத்தினால் அந்த அமத்தம் காட்டிக்குடுத்திடும், பக்கத்தாலைதான் பிடிக்கவேணும் எண்டு சொன்னா. நாலு, அஞ்சு எண்டால் என்ன கருத்து எண்டு கேட்டன். "காசு சுண்டிப் போட்டுத் தலையோ பூவோ எண்டு சொல்லுற மாதிரி அக்கா. ஊகம்." கையைப் பிடிச்சுக்கொண்டுதான் சொன்னவ. பிறகு, கண் இருக்கேக்கை கண்ணை நம்புங்கோ, பார்க்காத இடத்திலை உடம்பை நம்பவேண்டாம் எண்டா.

வீட்டை வாற வழி முழுக்க நினைச்சது: த. பிழையாப் பிடிக்கிறார். பாவம், ஸ்பானர் பிடிச்ச கை. சரியாப் பிடிக்கக் காட்டிக்குடுக்கவேணும்.

பின்னேரம் படுத்தன். அவர் பிடிச்சார். சரியாத்தான் பிடிச்சார், ரெண்டு பக்கத்தாலையும், முட்டையைப் பிடிக்கிற மாதிரி. நான் கண்ணை ஒரு கோடு திறந்தன். "மேலை" எண்டன். விரல் கீழை நிக்குது. அவர் பேனையை எடுத்துச் சரி போட்டார்.

இன்னொருக்கா. "கீழை." விரல் மேலை. சரி.

பத்தும் பார்த்தன். அவரின்ரை முகத்தையும் பார்த்தன். பொய் சொல்லுற முகம் இல்லை. இஞ்சினுக்குக் காது குடுத்துக் கேக்கேக்கை வாற முகம்.

எட்டு எண்டார். ஓம் எண்டன்.


யூலை 9, புதன்

மச்சாள் காலமை கோயிலுக்குப் போனாப் பிறகு கேட்டன். எத்தினை நாளாப் பொய் எழுதிறியள் எண்டு.

அவர் பிளேன்ரீயைக் கீழை வைச்சார். மறுக்கேல்லை. சோதினை தொடங்கின முதல் நாள் நாலு வந்ததாம். ரெண்டாம் நாளும் நாலு. அண்டைக்கு நான் ஏழு எண்ட சட்டத்தைப் போட்டிட்டு, சாப்பிடாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திட்டனாம். மூண்டாம் நாள் படலையிலை ஆரோ ஒரு தாய் வந்து "மிஸ்" எண்டு கூப்பிட, நான் எழும்பி முகம் கழுவிப் போனதைப் பார்த்தவராம். அண்டைக்கு ஏழு போட்டவர். ஏழுக்குக் கீழை போனால் வேலையை விடுவன் எண்டு நான்தானே சட்டம் போட்டது. "அந்த வேலை இல்லாட்டி நீர் என்னெண்டு இருப்பீர் எண்டு எனக்குத் தெரியேல்லை வாணி."

அப்பதான் கஜனியின்ரை பிள்ளையைச் சொன்னன். முழுக்கச் சொன்னன். ஆறு நாள் பிள்ளை, கை, மணிக்கட்டு, தலை.

த. கதிரையிலை இருந்து நிலத்துக்கு வந்து இருந்தார். கன நேரம். தண்ணி குடுத்தன், வாங்கேல்லை. அது என்னாலை வந்தது எண்டார்.

நான் கத்தேல்லை. கத்தியிருக்கலாம். சொன்னது இதுதான்: "கண்ணை மூடினால் என்ரை கால் எங்கை எண்டு எனக்குத் தெரியாது. நீங்கள் பார்த்துச் சொல்லவேணும். நீங்களும் பொய் சொன்னால் நான் ஆரிட்டைக் கேக்கிறது?"

அவர் அழுதவர். இருபத்திரண்டு வருசத்திலை நான் பார்த்தது ரெண்டாந்தரம்.

வேலைக்குப் போகேல்லை. கொட்டிலுக்கு அவரும் போகேல்லை. மச்சாள் வந்து ரெண்டு பேரையும் பார்த்திட்டு, குசினிக்குப் போய் இடியப்பம் அவிச்சா.


யூலை 10, வியாழன்

பௌர்ணமி, போயா. லீவு. காத்துக் கொஞ்சம் அடங்கினது.

நேற்று முழுக்கக் கோவம். இண்டைக்குக் கோவத்தைத் தேடிப் பார்க்கிறன், பாதிதான் கிடக்கு. மிச்சம் ஏதோ வேறை. ஒரு மனுசன் ஒவ்வொரு பின்னேரமும் கை கழுவி, காலடியிலை இருந்து, தனக்குத் தெரிஞ்ச கெட்ட செய்தியைத் தன்னோடையே வைச்சிருந்திருக்கிறான். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறான். பகிடியும் விட்டிருக்கிறான்.

ஆனால் பிழை பிழைதான். இதையும் எழுதி வைக்கிறன், பிறகு இளகிப் போவன்.

அலுமாரித் தாளை அவரே கிழிச்செடுத்தார். புதுத்தாள் ஒட்டேல்லை. கேட்டிட்டுத்தான் ஒட்டுவாராம்.

மச்சாள் என்னைத் தனியா வைச்சுச் சொன்னது: தம்பி சின்ன வயசிலையே அப்பிடித்தானாம். தகப்பன் கடலிலை இருந்து வரப் பிந்தினால், வள்ளம் தெரியுது, தெரியுது எண்டு தாய்க்குச் சொல்லுவாராம். ஒண்டும் தெரியாதாம். பிறகு வந்திடுமாம். "வந்தபடியால் அவனுக்கு அது பொய்யாத் தெரியேல்லை" எண்டா.


யூலை 11, வெள்ளி

வேலையிலை எங்களுக்கு மேலை இருக்கிற சுகாதார டொக்டரிட்டைப் போய்ச் சொன்னன். வருத்தம் எண்டு முந்தியே தெரியும், இவ்வளவு எண்டு தெரியாது. பிள்ளைக் கதையையும் சொன்னன். சொல்லாமல் விட்டிருக்கலாம், கஜனி ஒருத்தருக்கும் சொல்லியிருக்கமாட்டா.

டொக்டர் இளம் ஆள், பொம்பிளை. திட்டுவா எண்டு நினைச்சுப் போனன். எழும்பிக் கதவைச் சாத்திப்போட்டு வந்து பக்கத்திலை இருந்தா. முடிவு: வீடு வீடாப் போறது நிப்பாட்டு. ஸ்கூட்டி நிப்பாட்டு. கிளினிக்கிலை கர்ப்பிணித் தாய்மாருக்கு வகுப்பு, பதிவு, தொலைபேசி. அன்புவழிபுரம் வேறை ஆளுக்கு.

ஓம் எண்டன். ஓம் எண்டு சொல்ல எவ்வளவு நேரம் எடுத்தது தெரியேல்லை.

வெளியிலை த. நிண்டார். கொட்டிலைப் பூட்டிப்போட்டு வந்தவர். மோட்டார்சைக்கிளிலை ஏறி இருந்தன். அவர் பக்கத்திலை வந்து குனிஞ்சு, என்ரை ரெண்டு பாதமும் மிதியிலை இருக்குதோ எண்டு பார்த்து, "இடது கொஞ்சம் வெளியிலை" எண்டு சொல்லித் தள்ளி வைச்சிட்டுத்தான் ஏறினார். ஓர்ஸ் ஹில் ஏத்தத்திலை முதுகிலை முகத்தை வைச்சு அழுதன். காத்துச் சத்தத்திலை கேட்டிருக்காது. கேட்டிருக்கும்.


யூலை 15, செவ்வாய்

புது மிஸ்ஸோடை கடைசிச் சுத்து, ஓட்டோவிலை. பொறுப்புக் குடுக்கிறது. பதினேழு வருசம் ஒரு காலமையிலை முடிஞ்சுது.

ஞாபகத்துக்கு:
— நாலாம் குறுக்கு வீட்டிலை நாய். பேர் சொல்லிக் கூப்பிட்டால் கடிக்காது.
— மூலை வீட்டுத் தாய் குளிசை போடுறன் எண்டு சொல்லுவா, போடமாட்டா.
— கஜனியின்ரை பிள்ளை 150 கிராம் கூடியிருக்குது. தூக்கேல்லை. இருந்துகொண்டு மடியிலை வாங்கினனான், கண் எடுக்காமல்.

கஜனியிட்டை உண்மையைச் சொன்னன். கை எங்கை இருக்குதெண்டு எனக்குத் தெரியாமல் போச்சு, களைப்பு இல்லை எண்டு. "அதுக்குத்தானே மிஸ் நான் பக்கத்திலை நிண்டனான்" எண்டா.

சுதர்சினியின்ரை வயிற்றைப் புது மிஸ் பார்த்தவ. தலை கீழை வந்திட்டுதாம். சுதர்சினி என்னைப் பார்த்தா, நான் சொன்னால்தான் நம்புவா போல. வலது கையை வைச்சன். ஓம், கீழை. நல்லா இறங்கி நிக்குது.

சாப்பிட மனமில்லை. சாப்பிட்டன். மீன் பொரியல், பருப்பு.


யூலை 18, வெள்ளி

முதல் வகுப்பு. பன்னிரண்டு தாய்மார், ரெண்டு புருசன்மார். கதிரையிலை இருந்து கதைச்சன். பொம்மையை மேசையிலை வைச்சுக் காட்டினன். ஒரு தாய் கிண்ணியா, நாலாவது பிள்ளை. எனக்கே பாடம் எடுப்பா போல. நல்லாச் சிரிச்சம். ஒரு மணித்தியாலம் போனது தெரியேல்லை.

வீட்டை வந்து த.வுக்குச் சொன்னன். முழுக்கக் கேட்டார். ரெண்டு புருசன்மார் மட்டும்தானோ எண்டு கேட்டு, அடுத்தமுறை தானும் வந்து பின்னாலை இருக்கவோ எண்டார். பிள்ளையே இல்லாத மனுசன் வந்து என்ன செய்யப்போறியள் எண்டன். சொன்னாப் பிறகு பயந்தன். அவர் சிரிச்சார். கதிரை அடுக்கலாம்தானே எண்டார்.


யூலை 20, ஞாயிறு

வெள்ளாப்பிலை நிலாவெளி, வெயில் ஏற முதல். த., மச்சாள், நான். மச்சாளின்ரை யோசினை. கடல் தண்ணி நரம்புக்கு நல்லதாம். நஸ்ரின் மிஸ்ஸைக் கேட்டன், நரம்பு திரும்பாது, ஆனால் குளிர் தண்ணி சுகமா இருக்கும், ஆளோடை இறங்குங்கோ எண்டவ.

கடல் குளம் மாதிரி. தள்ளிக் கரைவலை இழுக்கிற சத்தம். மணலிலை நடக்கிறது பெரிய பாடு, ஒவ்வொரு அடியும் குனிஞ்சு பார்த்து. த. பின்பக்கமா நடந்து என்ரை ரெண்டு கையையும் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போனார். மச்சாள் கரையிலை பிளாஸ்கோடை.

தண்ணி நெஞ்சுமட்டும் வந்துது. குளிர் வலது துடையிலை தெரிஞ்சுது, வயிறு, முதுகு, கழுத்து. தலை தெளிஞ்ச மாதிரி. மங்கின கண்ணும் கொஞ்சம் துலங்கினது. கீழை ஒண்டுமில்லை. முழங்காலுக்குக் கீழை நான் இல்லை.

கண்ணை மூடப்போறன் எண்டு சொன்னன். ஏன் எண்டு கேக்கேல்லை. கையை மாத்தி அக்குளுக்குள்ளாலை பிடிச்சார்.

மூடினன். மேலை எது, கீழை எது எண்டு ஒண்டும் இல்லை. அவரின்ரை கை ரெண்டும் மட்டும் இருந்துது. என்ரை எண்ணத்திலை நான் நேரா, உறுதியா நிக்கிறன். மணல் காலுக்குக் கீழை இருக்குது எண்டு சத்தியம் பண்ணியிருப்பன்.

"நிக்கிறன் என்ன?" எண்டு கேட்டன்.

பிடிச்ச கை ஒருக்கா இறுகினது. அவருக்கு என்ன சொல்ல ஆசை எண்டு எனக்குத் தெரியும்.

"இல்லை வாணி. கால் நிலத்திலை இல்லை. நான்தான் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன்" எண்டார்.

கண்ணைத் திறக்கேல்லை. கன நேரம் அப்பிடியே. மச்சாள் கரையிலை இருந்து தேத்தண்ணி ஆறுது எண்டு கூப்பிட்டுக்கொண்டே இருந்தா.